தொலைவும் அறமும்

இலண்டன் ஹீத்ரோ விமானநிலையத்துக்கும் கட்டுநாயக்காவுக்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர். நேரடியாகப் பறக்கும் விமானம் அதனை ஏறக்குறைய 11 மணித்தியாலத்திற் கடந்துவிடுகின்றது. கட்டுநாயக்காவிலிருந்து மட்டக்களப்புக்குத் தரைவழி 300 கிலோமீற்றர் வரையிலேதான். அதற்கோ 6, 7 மணித்தியாலம் வேண்டும். முப்பதில் ஒரு பங்குத் தூரம் பாதிக்கு மேற்பட்ட நேரத்தை விழுங்கிவிடுகின்றது. எனவே, வழக்கிலே தூரம் எனப்படுவது நிலத்தின் நீளமன்று; அதனைக் கடக்கச் செல்லும் காலமே எனலாம். அக்காலமும் இயற்கை வகுத்ததன்று. பணமும் பொறியும் சென்ற இடங்களில் அது சுருங்கிற்று; செல்லாத இடங்களிற் பழைய நீளத்திலேயே கிடக்கின்றது.

ஈண்டு அறவியல் சார்ந்த வினாவொன்று எழுகின்றது. தொலைவு கடமையைக் குறைக்குமா? பீற்றர் சிங்கர் என்னும் மெய்யியலாளர், கிழக்கு வங்காள அகதிகளின் பட்டினியை முன்னிறுத்தி 1972 இல் வெளியிட்ட கட்டுரையில், குறைக்காது என்றே விடையிறுத்தார். துன்புறுவோன் அருகிருப்பதும் சேய்மையிலிருப்பதும் அறத்தின்முன் வேறுபாடாகா என்பது அவர் வாதம். இதனை மறுத்தல் எளிதன்று. ஆயினும் இவ்வாதம் தூரத்தை முன்னரே அமைந்துவிட்ட ஒன்றாகக் கொள்கின்றது. அதனை ஆக்கியவர் யார் எனக் கேட்பதில்லை. மட்டக்களப்பு வாவிக்கரையில் நிற்பவனால் அக்கேள்வியைத் தவிர்த்தல் இயலாது.

இவ்வாவி எழுவான்கரை, படுவான்கரை என நிலத்தை இரண்டாக வகுக்கின்றது. நகரும் பெரியாஸ்பத்திரியும் கடற்பக்கத்தைச் சார்ந்தவை, மேற்கே வயல்கள். 1958 இல் திமிலைதீவில் விமான ஓடுபாதை அமைந்தது. மண்முனைத் துறையிற் பாலம் திறக்கப்பட்டதோ 2014 ஏப்ரலில். வானிலிருந்து வருவோனுக்கு வழி சமைந்த பின்னர் அரை நூற்றாண்டுக்கும் மேலாக, கொக்கட்டிச்சோலைப் பக்கத்து நோயாளி அத்துறையிற் ‘பாதை’க்குக் காத்திருந்தான். மக்களையும் வாகனங்களையும் ஏற்றிச்செல்லும் மிதவையை இப்பகுதியார் ‘பாதை’ என்றே வழங்குவர். பாதை அக்கரையில் நிற்குமாயின் இக்கரையானுக்குப் பாதையே இல்லை. இச்சொல்லின் நேர்மை வியத்தற்குரியது. வலையிறவிலும் பட்டிருப்பிலும் பாலங்கள் இருந்தமை மெய்யே. ஆனால் அவ்வழியே சுற்றிச் செல்வோனுக்குக் கண்ணெதிரே தெரிந்த ஊர் நெடுந்தூரமாயிற்று. போர் நிகழ்ந்த ஆண்டுகளிற் சோதனைச் சாவடிகள் அத்தூரத்தை மேலும் நீட்டின.

பாலம் பொறியியலாளரின் விடயம், அறவியலுக்கு அதில் என்ன அலுவல் எனச் சிலர் வினவக்கூடும். பாலம் கட்டும் முறையைப் பொறியியல் சொல்லும். எதனை முதலிற் கட்டுவது என்பதை அது சொல்லாது. எவருடைய நேரத்தை முதலில் மீட்பது எனத் தீர்மானிப்போர், மற்றவருடைய நேரம் காத்திருக்கலாம் என்பதையும் உடன் தீர்மானித்துவிடுகின்றனர். தீமை நினைந்தே அவ்வாறு செய்தனர் எனல் மிகையாகும். துறையில் நின்றவனை அவர்கள் காணவில்லை, அவ்வளவே. தாயின் இறுதிச் சடங்குக்கு இலண்டனிலிருந்து மகன் வந்து சேர்ந்துவிட, இரவிற் பாதை ஓடாமையால் வாவிக்கப்பாலுள்ள மகள் விடியும்வரை கரையில் நிற்கிறாள் எனக் கொள்வோம். ஊரார் அவளையே குறைகூறுவர். அவள் கடமையிற் குறைந்தவள் அல்லள். அவளுடைய தூரம் வேறெவராலோ நீளமாகவே விடப்பட்டது. அதற்கான பொறுப்பைச் சிங்கரின் வாதம் எவர்மீதும் சுமத்துவதில்லை.

மண்முனைப் பாலம் திறந்த பின்னரும், தெற்கே குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையிற் பாதையே ஓடிற்று. ஆசிரியரும் மாணவரும் அதன் நேரத்தைக் கணக்கிட்டே காலையில் வீட்டைவிட்டுப் புறப்பட்டனர்.