சேமிப்பும் உலோபமும்

ஈகையே அறம் என்று கேட்டு வளர்ந்த பிள்ளை முதற் சம்பளத்தைக் கையில் வாங்கும்போது அவன் மனதில் ஒரு கேள்வி எழுகின்றது. உழைத்ததில் ஒரு பங்கைத் தனக்கென ஒதுக்கி வைப்பது உலோபமாகுமா?

ஊரிலிருந்து கொழும்புக்கு உத்தியோகம் பார்க்கச் செல்லும் இளைஞர் பலர் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ அறை எடுத்துத் தங்குகின்றனர். அறை வாடகை, கடைச் சாப்பாடு, பஸ் கட்டணம் என்பன போக வீட்டுக்கும் அனுப்ப வேண்டும். தங்கையின் கலியாணத்துக்கும் சேர்க்க வேண்டும். ஊர்க் கோயில் திருவிழாவுக்கு உபயமும் செய்ய வேண்டும். 'கொழும்பில் வேலை' என்ற பெயரைக் காப்பாற்றுவதற்காகக் கடனட்டையை நீட்டுவோரும், வட்டிக்கு வாங்குவோரும் உளர்.

இல்லறத்தான் பேண வேண்டியவர்களாக முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார், தான் என ஐவரைத் திருவள்ளுவர் குறிப்பிடுகின்றார். இந்த ஐவருக்கும் ஐந்து கூறு வேண்டும் என்பதனாலேயே அரசனுக்குரிய இறை ஆறில் ஒன்றாயிற்று என்பது பரிமேலழகர் உரை. 'தான்' என்பதும் அவ்வறத்துள் அடங்கும் என்பதனை இங்கு மறத்தலாகாது.

இலங்கையின் சட்டமும் சேமிப்பை வலியுறுத்துகின்றது. 1958 ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின் கீழ் இன்று ஊழியர் 8 வீதமும் தொழில் வழங்குநர் 12 வீதமும் செலுத்துகின்றனர். 80,000 ரூபா சம்பளத்துக்கு இவ்விரண்டும் சேர்ந்து மாதம் 16,000 ரூபாவாகும். எனினும் இது முதுமைக்குரிய பணம். பொதுவாக ஆண்களுக்கு 55 வயதிலும் பெண்களுக்கு 50 வயதிலுமே கைக்கு வரும். நாளைய நோய்க்கும் வேலையிழப்புக்கும் வேறொரு சேமிப்பு இன்றியமையாதது. 2022 செப்டெம்பரில் கொழும்பில் விலைவாசி ஓராண்டுக்குள் ஏறக்குறைய 70 வீதம் உயர்ந்தது. அந்த வேளையில் சேமித்த பணமும் பெறுமதி இழந்தது உண்மையே. ஆயினும் சில மாதச் செலவுக்குக் கையில் வைத்திருந்தவர் கடன்காரர் வாசலுக்குப் போகவேண்டி வரவில்லை.

கமக்காரன் அறுவடை முடிந்ததும் முதலில் விதைநெல்லை ஒதுக்குவான். பசித்தவர்க்கு உணவளிப்பது அறமே. ஆனால் விதைநெல்லையும் குத்திச் சமைத்துவிட்டால் அடுத்த போகத்தில் அவனே பிறரிடம் கையேந்த நேரும். சம்பளம் வந்த அன்றே ஒரு பங்கை வங்கியில் இடுவதும் இத்தகையதே. செலவு போக மிஞ்சியதைச் சேமிக்கலாம் என்றிருப்பவருக்குப் பெரும்பாலும் எதுவும் மிஞ்சுவதில்லை.

அவ்வாறாயின் உலோபி யார்? பொருள் எதற்காக, யாருக்காக என்று சொல்ல இயலாதவனே உலோபி. சேமிப்பவனுக்கு அதற்கு விடை உண்டு. கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடையில் பொன்னம்பல முதலியார் கட்டிய பொன்னம்பலவாணேசுவரர் கோயிலை, அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கற் கோயிலாக எடுப்பித்தார். ஒரு மாத வருவாயில் முடியும் திருப்பணி அன்று அது. பேணி வைத்த தேட்டமே பெருங்கொடையாகின்றது.

கடன்பட்டுச் செய்யும் உபயத்தில் பக்தியைவிட ஊர்ப்பேச்சுக்கு அஞ்சும் அச்சமே மிகுதி. அன்போடு சாத்தும் ஒரு பூவையும் இறைவன் ஏற்றுக்கொள்வான். ஆகவே "இவ்வருடம் என்னால் இயலாது, அடுத்த வருடம் செய்கிறேன்" என்று ஒரு பிள்ளை சொல்லுமானால், அதனைக் குறைவாகப் பேசாதிருப்பது ஊர்ப் பெரியோரின் கடமையாகும். அந்தப் பொறுமையும் கோயிலுக்குச் செய்யும் தொண்டே.