மறதியா, மனமில்லாமையா?

"மறந்து போனேன்" என்று எவ்வளவு இலகுவாகச் சொல்லிவிடுகின்றோம்!

இலிகிதராகக் கடமையாற்றிய காலத்தில், எனது வருடாந்தச் சம்பள ஏற்றப் படிவத்தை ஒருமுறையேனும் நான் மறந்ததில்லை. ஆனால் கணவனை இழந்த ஒரு தாயின் ஓய்வூதியக் கோவை மூன்று மாதம் என் மேசையிலே கிடந்தது. கேட்டபோது, "மறந்து போனேன் அம்மா" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார். ஞாபகசக்தி ஒன்றுதான், அக்கறைதான் வேறு.

காதலிலும் இராணுவத்திலும் மறதி என்ற சாட்டு எடுபடாது என்று வியன்னா மருத்துவர் சிக்மண்ட் பிராய்ட் 1901 இல் எழுதினார். நேர்த்திக்கடனும் அப்படித்தான். 2009 இல் எம்மவர்கள் காணி உறுதி முதலாக யாவற்றையும் இழந்து செட்டிகுளம் முகாம்களில் இருந்தார்கள். மீளக் குடியமர்ந்ததும் வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்கு வைத்த நேர்த்தியை, வைகாசி விசாகப் பொங்கலிலே நிறைவேற்றினார்கள். எந்தக் கொப்பியிலும் அது எழுதப்பட்டிருக்கவில்லை.

மூப்பினால் வரும் மறதிக்கு மன்னிப்புண்டு. மற்றதற்கு?

அடியார்களே, அயலவருக்குக் கொடுத்த வாக்கையும் நேர்த்திக்கடனாகவே எண்ணுவோம். அப்போது அது மறவாது. அம்பாள் அருள் புரிவாளாக!