இருக்கும் உரிமையும் விற்கும் உரிமையும்

ஒருவர் தாம் குடியிருக்கும் வீட்டை விலைகொடுத்து வாங்குவதில் ஒழுக்கப் பிரச்சினை எதுவும் உண்டா? மேலெழுந்தவாரியாக நோக்குமிடத்து இவ்வினா பொருளற்றதாகவே தோன்றும். வீடு வாங்குதல் அவரவர் கைப்பணத்தைப் பொறுத்த காரியம் என்று பலர் கூறுவர். எனினும், அவ்வீடு பொதுப்பணத்தாற் கட்டப்பட்டதாகவும், அதனை வாங்குபவர் தம் தாயின் மறைவுக்குப் பின் வாடகையுரிமையை ஏற்றவராகவும் இருக்கும்பொழுது, வினா வேறு வடிவம் பெறுகின்றது.

எம்முடன் ஒரே வகுப்பிற் படித்த நண்பர் ஒருவர் 1999ஆம் ஆண்டில், தமது பன்னிரண்டாம் வயதில், கணவனை இழந்த அன்னையாருடன் இலண்டன் சென்றார். ஆறு ஆண்டுகள் தற்காலிக இருப்பிடங்களில் அலைந்தபின், 2005இல் உள்ளூராட்சி மன்றத்தின் தொடர்மாடியில் அன்னையாரின் பெயருக்கு ஒரு வீடு வாடகைக்குக் கிடைத்தது. விடியுமுன் எழுந்து அலுவலகங்களைத் துப்புரவு செய்து உழைத்த அவ்வம்மையார் 2019இற் காலமானார். உடன் வாழ்ந்த மகன் சட்டப்படி வாடகையுரிமையை ஏற்றார்.

2024 ஒக்டோபர் இறுதியில் பிரித்தானிய அரசாங்கம் தனது வரவுசெலவுத் திட்டத்தில் ஓர் அறிவித்தலைச் செய்தது. மன்ற வீடுகளை வாங்கும் குடியிருப்பாளருக்கு இங்கிலாந்தில் வழங்கப்பட்டு வந்த கழிவு குறைக்கப்படும் என்பதே அது. இலண்டனில் 136,400 பவுண் வரை கிடைத்துவந்த கழிவு, அந்நகரின் பெரும்பாலான பகுதிகளில் 16,000 பவுணாகச் சுருங்கவிருந்தது. நவம்பர் 21ஆம் திகதிக்கு முன் விண்ணப்பிப்போருக்கே பழைய கழிவு. இடையில் இருந்தவை மூன்று வாரங்கள். அம்மூன்று வாரங்களுள் நண்பர் எமக்கு எழுதினார். வாங்குவதற்கு வழியுண்டா என்று அவர் கேட்கவில்லை. அதனை அவர் நன்கு அறிவார். வாங்குவது நியாயமா என்றே கேட்டார்.

மன்ற வீடு எவரும் இரங்கி அளித்த கொடையன்று. 1915ஆம் ஆண்டு, உலகப் போரின் நடுவே வீட்டுச் சொந்தக்காரர் வாடகையை உயர்த்தியபோது, கிளாஸ்கோ நகரத்துத் தொழிலாளர் குடும்பங்கள், பெண்கள் முன்னிற்க, வாடகை கொடுக்க மறுத்துப் போராடின. அவ்வாண்டிலேயே வாடகையைக் கட்டுப்படுத்தும் சட்டம் பிறந்தது. போர் முடிந்ததும், 1919இல், அமைச்சர் அடிசன் கொண்டுவந்த சட்டத்தின்கீழ் அரசாங்க நிதியுதவியுடன் உள்ளூராட்சி மன்றங்கள் பெருமளவில் வீடு கட்டத் தொடங்கின. இரண்டாம் உலகப் போருக்குப் பின் தொழிற்கட்சி அமைச்சர் அனியூரின் பெவன் அம்முயற்சியை மேலும் விரித்தார். 1970களின் முடிவில் பிரித்தானியக் குடும்பங்களுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு மன்ற வீடுகளில் வாழ்ந்தது. வாடகை, இலாபத்தின் ஊற்றாக இல்லாமலும் ஒரு நாடு தன் மக்களுக்கு உறையுள் அளிக்கமுடியும் என்பதற்கு அது கண்கண்ட சான்றாகும்.

1980இல் மார்கரெட் தட்சரின் அரசாங்கம் வீடமைப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அச்சட்டம் ஒருங்கே இரண்டு உரிமைகளை வழங்கியமை கூர்ந்து நோக்கத்தக்கது. மன்ற வீட்டிற் குடியிருப்பவரைத் தக்க காரணமின்றி வெளியேற்றலாகாது. அவர் இறப்பின், வாழ்க்கைத் துணையோ, ஓராண்டு உடன் வாழ்ந்த குடும்பத்தவர் ஒருவரோ வாடகையுரிமையை ஏற்கலாம் என்பது ஒன்று. மூன்று ஆண்டுகள் குடியிருந்தவர் மூன்றிலொரு பங்கு முதல் அரைப்பங்கு வரையான கழிவுடன் அவ்வீட்டை வாங்கலாம் என்பது மற்றொன்று. முன்னையது இருக்கும் உரிமை. பின்னையது காலப்போக்கில் விற்கும் உரிமையாக மாறுவது. ஒரே சட்டப் புத்தகத்தில் அருகருகே வைக்கப்பட்ட இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பன என்பதே எமது கருத்து.

வாடகையுரிமை ஒருமுறை மட்டுமே இவ்வாறு கைமாறும். தாயிடமிருந்து மகனுக்கு வந்தபின், மகனிடமிருந்து பேர்த்திக்குச் செல்லாது. 2012 ஏப்பிரலுக்குப் பின் இங்கிலாந்தில் தொடங்கிய வாடகையுரிமைகளிலோ, வாழ்க்கைத் துணைக்கு மட்டுமே சட்டம் அவ்வுரிமையை உறுதிசெய்கிறது. பிள்ளைகளின் நிலை மன்றத்தின் ஒப்பந்த வாசகத்தைப் பொறுத்ததாகிவிட்டது. எமது நண்பருக்கு ஆறு வயதில் ஒரு மகள் உண்டு. தமக்குப்பின் அவள் அவ்வீட்டில் இருக்கமுடியாது என்ற எண்ணமே அவரை உறங்கவொட்டாமற் செய்தது. இருக்கும் உரிமையைப் பிள்ளைக்கு விட்டுச்செல்லமுடியாத தந்தைக்குச் சட்டம் காட்டும் ஒரே வழி, வீட்டைச் சொத்தாக மாற்றி விட்டுச்செல்வதாகும். இதனை வெறும் பேராசை என்று கூற எமக்கு மனம் ஒப்பவில்லை.

சொந்த வீட்டின்மேல் தொழிலாளருக்குள்ள விருப்பத்தை இடதுசாரிகள் எள்ளி நகையாடுதல் தகாது. தாம் விரும்பிய நிறத்தைக் கதவுக்குப் பூசவும் மன்றத்தின் அநுமதி வேண்டிய நிலை பலருக்கு இருந்தது. 1959ஆம் ஆண்டுத் தேர்தலிற் பிரித்தானியத் தொழிற்கட்சியே, குடியிருப்பவர் தம் வீட்டை வாங்க வாய்ப்பளிப்பதாகத் தன் விஞ்ஞாபனத்திற் கூறியிருந்தது. எமது நாட்டிலும் 1973ஆம் ஆண்டு, வீட்டுச் சொத்துக்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டது. வரம்புக்கு மேற்பட்ட வீடுகளை அவற்றில் வாடகைக்கு இருந்தோர் வாங்க வழி பிறந்தது. அப்போது வீடமைப்பு அமைச்சராயிருந்தவர் கம்யூனிஸ்ட் கட்சியின் பீற்றர் கெனமன். எனவே குடியிருப்பவர் உடைமையாளராவது எங்கும் எப்போதும் பிற்போக்கானது என்று கூறிவிட முடியாது.

ஆயின், ஒரே செயல் இருவேறு சூழல்களில் இருவேறு பொருள் பெறும். இலங்கையில் அன்று சிலரிடம் குவிந்திருந்த வீடுகள் பலரிடம் பரவின. இங்கிலாந்தில் பலருக்கும் பொதுவாயிருந்தவை தனியாரிடம் சென்றன. அங்கு 1980இலிருந்து விற்கப்பட்ட வீடுகள் ஏறத்தாழ இருபது இலட்சம். விற்ற பணத்தின் பெரும்பகுதியைப் புதிய வீடு கட்டச் செலவிடவும் மன்றங்கள் நெடுங்காலம் தடுக்கப்பட்டன. வாங்கியவருள் பலர் பின்னர் விற்றனர். வாடகைக்கு விடுவோர் அவற்றைத் திரட்டினர். 2017இல் வீடமைப்புத் துறைச் சஞ்சிகை ஒன்று நூற்றுக்கு மேற்பட்ட மன்றங்களிடம் பெற்ற விவரங்களின்படி, விற்கப்பட்ட தொடர்மாடி வீடுகளில் பத்துக்கு நான்கு தனியாரால் வாடகைக்கு விடப்பட்டிருந்தன. வீடற்ற குடும்பங்களைத் தங்கவைப்பதற்காக, தாம் விற்ற வீடுகளையே மன்றங்கள் உயர்ந்த வாடகைக்குப் பெறவேண்டிய விபரீதமும் நிகழ்ந்தது. 2024இல் இங்கிலாந்தின் மன்றங்களிற் காத்திருப்போர் பட்டியலில் பதின்மூன்று இலட்சம் குடும்பங்கள் இருந்தன. 120,000க்கு மேற்பட்ட குடும்பங்கள் தற்காலிக இருப்பிடங்களில் வாழ்ந்தன. 1999இல் நண்பரும் அவர் அன்னையாரும் இருந்த அதே நிலையில் அவை இருந்தன.

நண்பரின் பிரச்சினை இவ்விடத்திற்றான் கூர்மையடைகின்றது. கழிவு யாருடைய பணம்? பல்லாண்டு வாடகை கொடுத்தமைக்கு வெகுமதி என்பர். தாய் வாடகையாளராயிருந்த காலத்தில், பதினாறு வயது கடந்து அவ்வீட்டில் வாழ்ந்த மகனின் ஆண்டுகளும் கணக்கிற் சேரக்கூடும். ஆனால் வாடகை கொடுத்தவர் அதற்கீடாக உறையுளைப் பெற்றுவிட்டார். கழிவாகக் கொடுக்கப்படுவது, அவ்வீட்டைக் கட்டிய தலைமுறையின் வரிப்பணமும், அதனை எதிர்பார்த்து நிற்கும் தலைமுறையின் இடமுமேயாம். 2005இல் அவ்வீடு அன்னையாருக்குக் கிடைத்தமைக்குக் காரணம், அதற்குமுன் அங்கு வாழ்ந்தவர் அதனை வாங்காது சென்றமையே. முகமறியாத அவர் திறந்து வைத்துச் சென்ற கதவினூடாகவே இவர்கள் உள்ளே வந்தனர்.

ஏங்கெல்ஸ் 1872இல் வீட்டுப் பிரச்சினை பற்றி எழுதிய கட்டுரைகளில், தொழிலாளருக்குச் சிறு வீட்டைச் சொந்தமாக்குதல் தீர்வாகாது என்றும், அது அவரைக் கடனாலும் இடத்தாலும் பிணித்துவிடும் என்றும் வாதித்தார். அவ்வாதத்தை எடுத்துக்காட்டி நண்பரைக் கண்டித்து எழுதுவது எமக்கு எளிதாயிருந்திருக்கும். ஆனால், பாட்டனார் காணியிற் கட்டிய வீட்டிலிருந்து, வாடகை என்பதையே அறியாது வாழ்ந்துகொண்டு, அந்நிய நாட்டிற் கூலியுழைப்பாற் பிழைக்கும் ஒருவருக்குத் துறவு போதிக்க எமக்கு என்ன தகுதியுண்டு? சொத்துடையோரின் நாட்டிற் சொத்தில்லாதவரிடம் மட்டும் தியாகத்தை எதிர்பார்ப்பது அறமாகாது. தந்தையின் அன்பையும் அந்நியரின் தேவையையும் பகைவராக்கி நிறுத்தியது சட்டம். முதற் குற்றவாளி அதுவே. அச்சட்டத்தை விதியென்று கொள்ளவேண்டியதுமில்லை. ஸ்கொட்லாந்து 2016இலும் வேல்ஸ் 2019இலும் இவ்விற்பனையை முற்றாக நிறுத்தின.

நண்பர் விண்ணப்பித்தார். வேண்டாம் என்று எம்மால் எழுதமுடியவில்லை. ஆனால், சட்டம் முதற் குற்றவாளி என்பதனால் தனிமனிதனின் பொறுப்பு முற்றாக நீங்கிவிடுவதில்லை. குடியிருப்பதற்காக வாங்குவது ஒன்று. ஆதாயத்துக்காக வாங்குவது வேறொன்று. சட்டமும் இவ்வேறுபாட்டை ஓரளவு அறியும். ஐந்து ஆண்டுகளுக்குள் விற்பவர் கழிவிற் பங்கைத் திருப்பிக் கொடுக்கவேண்டிவரும். பத்து ஆண்டுகளுக்குள் விற்பவர் முதலில் மன்றத்துக்கோ பிற சமூக வீடமைப்பு நிறுவனத்துக்கோ அவ்வீட்டைத் தர முன்வரவேண்டும். அதன்பின் சட்டம் மௌனமாகின்றது.

சட்டம் மௌனமாகுமிடத்தில் ஒழுக்கம் பேசவேண்டும் என்றே நாம் நண்பருக்கு எழுதினோம். பத்து ஆண்டுகள் அல்ல, முப்பது ஆண்டுகள் கழிந்தாலும், அவ்வீட்டைவிட்டு நீங்கும் நாள் வருமாயின், வாடகைக்கு விட்டுப் பணம் திரட்ட எண்ணாது, முதலில் மன்றத்தின் கதவையே தட்டவேண்டும். விற்பனையை நிறுத்தவும் புதிய வீடுகளைக் கட்டவும் கோரும் இயக்கங்களில், வீடு கிடைத்துவிட்டது என்று ஒதுங்காமல், அவர் குரல் கொடுக்கவேண்டும். அவ்வீடு பாட்டியின் உழைப்பால் மட்டும் வந்ததன்று என்பதையும், வாடகை கொடுக்க மறுத்து எழுந்த பெண்களையும், வாங்காது சென்ற அந்த முகமறியாதவரையும் மகளுக்குச் சொல்லி வளர்க்கவேண்டும். அவர் இன்னும் மறுமொழி எழுதவில்லை. எழுதுவார் என்று நம்புகின்றோம்.