பாசறையும் வீட்டு நினைவும்

போருக்குச் சென்றவன் பாசறையில் தன் வீட்டை எண்ணி ஏங்குகிறான். அவ்வேக்கம் அன்பா, பற்றா? பழவேற்காட்டின் வரலாற்றைப் படிக்குந்தோறும் இவ்வினா நமக்குள் எழுகிறது.

பழவேற்காட்டு ஏரிக்கரையில், மீனவர் குப்பங்களை அடுத்து, டச்சுக்காரர் 1613-இல் ஒரு கோட்டை எழுப்பி அதற்குக் 'கெல்டிரியா' என்று பெயரிட்டனர். அவர்தம் தலைவர் வெம்மர் வான் பெர்கெம் பிறந்த கெல்டர்லாந்தின் பெயர் அது. பிறந்த மண்ணைப் பிரிந்தவர் அதன் பெயரையாவது அயல்மண்ணில் நட்டுவைத்தனர். ஊர் திரும்பாது இறந்தோரின் கல்லறைகள் இன்றும் அங்கே உள்ளன. கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்துள்ளனர். நிலையாமையை நம்மவர் மட்டுமே பேசினர் என்று எண்ண வேண்டுவதில்லை.

மறு ஆண்டே விசயநகர மன்னர் இரண்டாம் வேங்கடபதி ராயர் மறைந்தார். அரியணைக்காக உள்நாட்டுப் போர் மூண்டது. ஜக்கராயன் பக்கம் மதுரையும் செஞ்சியும், யாசம நாயக்கன் பக்கம் தஞ்சையும் நின்றன. 1616-ஐ ஒட்டித் தோப்பூரில் பெரும்போர் நிகழ்ந்தது. இரு பாசறையிலும் இருந்தவர் ஒரே மண்ணின் மக்கள். அவர்கள் ஏங்கிய வீடுகளும் ஒரே வகை வீடுகளே.

போரும் பஞ்சமும் மக்களை விலைப்பொருளாக்கின. 1622, 1623-ஆம் ஆண்டுகளில் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் முதலிய துறைகளிலிருந்து டச்சுக்காரர் அடிமைகளை வாங்கிப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றினர். தம் ஊரின் பெயரைக் கோட்டைக்குச் சூட்டியவர்களே இதைச் செய்தனர். கப்பலேறியவனுக்கும் ஓர் ஊர் இருந்தது. அதன் பெயரை அவன் எக்கோட்டைக்குச் சூட்டுவான்?

ஆகவே வீட்டை நினைத்து உருகுவதாலேயே ஒருவன் அன்புடையவன் ஆகிவிடான். என் வீடு, என் மக்கள் என்னும் மமகாரம் எத்துணைக் கண்ணீர் சிந்தினும் மமகாரமே. ஆயினும் அதனை வெறும் பற்றென்று தள்ளுவாரோடும் நாம் உடன்படவில்லை. துறவியர்க்கு அது தகும், நாம் இல்லறத்தார். விரோதி ஹிம்சையை முற்றும் விலக்க இயலாதவன் சிராவகன் என்று நம் ஆன்றோரே இரங்கி வகுத்தனர். அவனிடம் வீட்டு நினைவும் இல்லையேல், எதிரே நிற்பவனுக்கும் ஒரு வீடு உண்டென்பதை எதைக் கொண்டு உணர்வான்? பழவேற்காட்டுக் குப்பத்தாரின் தொழில் நம் அறத்துக்கு உடன்பாடன்று. ஆனால் கடலுக்குப் போனவனை எதிர்நோக்கிக் கரையில் நிற்பவளின் அச்சம் நமக்குப் புரியாததன்று.

நெடுநல்வாடையில் அரசி அரண்மனையில் பிரிவால் துயருறுகிறாள். அரசனோ வாடை வீசும் நள்ளிரவில் உறங்காது, பாசறையில் புண்பட்ட வீரரைச் சென்று காண்கிறான். பகைவர் புண்ணையும் கண்டானா என்று புலவர் சொல்லவில்லை. நாம் கேட்காதிருக்க முடியவில்லை.

பரதனும் பாகுபலியும் உடன்பிறந்தார். இருவர் படைகளும் எதிரெதிரே நின்றபோது, பல்லுயிர் மடிய வேண்டா, நீவிர் இருவரே பொருதுக என்று அமைச்சர்கள் உரைத்தனர். திருஷ்டி யுத்தமும் ஜல யுத்தமும் மல்ல யுத்தமும் நிகழ்ந்தன. பாகுபலியின் வெற்றியையும் துறவையும் நாம் வழிவழியாகப் போற்றுகிறோம். அன்று வில்லை நாணேற்றாமலே தோளில் மாட்டிக்கொண்டு, வந்த வழியே தத்தம் ஊர்களுக்கு நடந்த வீரர்களைப் பற்றி ஏனோ நாம் பேசுவதில்லை. அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டிய ஒலியும் அவ்வரலாற்றைச் சேர்ந்ததுதான்.