கனவும் வினையும்

கனவு கண்டு அஞ்சாத மனிதர் இல்லை. பல் விழுந்ததாகக் கண்டாலும், இறந்துபோன பெரியவர் வாசலில் வந்து நின்றதாகக் கண்டாலும், விடிந்ததும் அதன் பொருளைத் தேடித் தவிக்கிறோம். சிலர் அதனை நம்பிப் பேசி முடித்த திருமணத்தையே நிறுத்திவிடுகின்றனர். வேறு சிலர் கனவு முழுவதும் வெறும் குப்பை என்று ஒதுக்குகின்றனர். இவ்விரண்டில் எது சரி? கனவு எங்கிருந்து வருகிறது? அதில் நமக்குப் பொறுப்பு உண்டா?

நமது புராணங்களில் கனவுக்குப் பெரிய இடம் உண்டு. ஆதிபகவன் கருவில் அவதரிக்கும் முன் மருதேவியார் கண்ட பதினாறு கனவுகளை ஸ்ரீபுராணம் கூறுகிறது. சந்திரகுப்த மௌரியர் கண்ட பதினாறு கனவுகளுக்கு ஆசாரியர் பத்திரபாகு பொருளுரைத்ததாகவும் நம் மரபு சொல்கிறது. இங்கே இரண்டு செய்திகளை ஊன்றிக் கவனிக்க வேண்டும். முதலாவது, பொருள் உரைத்தவர்கள் ஞானச் சிறப்புடையோர், பத்திரபாகுவோ சுருதகேவலி. கூலி பெற்றுக் குறி சொல்வோர் அல்லர். இரண்டாவது, கனவின் பயனைக் கேட்ட சந்திரகுப்தர் பரிகாரம் தேடவில்லை. அரசைத் துறந்து தீட்சை பெற்றுச் சிரவணபெளகுளத்தில் தவமிருந்தார் என்பதே மரபு. கனவு அவரை ஒழுக்கத்தின் பக்கம் திருப்பியது.

தமிழ்க் காப்பியங்களும் இவ்வுண்மையையே காட்டுகின்றன. சிலப்பதிகாரத்தில் கண்ணகி தான் கண்ட தீக்கனவைத் தோழி தேவந்தியிடம் கூறுகிறாள். சோமகுண்டம், சூரியகுண்டம் ஆகிய பொய்கைகளில் நீராடிக் காமவேள் கோட்டத்தைத் தொழுதால் கணவனோடு கூடி வாழலாம் என்கிறாள் தேவந்தி. கண்ணகியோ அது தன் தகுதிக்கு ஏற்றதன்று என மறுத்துவிடுகிறாள். சீவக சிந்தாமணியில் விசயை அசோகமரம் வீழ்ந்ததாகக் கனவு காண்கிறாள். தன் முடிவை உணர்ந்த சச்சந்தன் மயிற்பொறி ஒன்றைச் செய்விக்கிறான். தாயும் கருவிலிருந்த சேயும் அதனால் பிழைக்கின்றனர். ஆனால் மன்னனைக் கொன்றது கனவன்று. இன்பத்தில் மூழ்கி, அமைச்சர் சொல் கேளாது, கட்டியங்காரனிடம் அவன் ஆட்சியை ஒப்படைத்தது விழித்திருந்த பொழுதில் செய்த பிழை. வினை விழிப்பில் விதைக்கப்பட்டது. கனவு அதன் நிழலாக முன்னே விழுந்தது.

இனி, கனவின் பிறப்பிடத்தை நோக்குவோம். உறக்கம் தரிசனாவரணீயம் என்னும் காட்சி மறைப்பு வினையின் உதயத்தால் நிகழ்வது என்பது ஆகமம். அவ்வினையின் ஒன்பது வகைகளுள் ஐந்து உறக்கத்தின் வகைகளே. நித்திரை முதலான அவற்றின் கடைசியாகிய ஸ்த்யானகிருத்தி, உறங்கிக்கொண்டே கடுஞ்செயல் புரியும் நிலை. அவ்வினையை முற்றும் கெடுத்த கேவலிக்கு உறக்கமும் இல்லை, கனவும் இல்லை. தற்கால விஞ்ஞானமும் உறக்கத்தைப் பல நிலைகளாகப் பிரிக்கிறது. மூடிய இமைக்குள் கண்கள் விரைந்து அசையும் ஒரு நிலையை 1953-ஆம் ஆண்டில் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அறிவித்தனர். ஓரிரவில் பலமுறை வரும் அந்நிலையில் எழுப்பப்படுவோர் பெரும்பாலும் தாம் கண்ட கனவைத் தெளிவாகச் சொல்கின்றனர். கனவின் சரக்கு நம் நினைவிலிருந்தும், அச்சம், ஆசை, துயரம் ஆகியவற்றிலிருந்தும் வருவது. இரவு வண்டியில் வருபவர், விடியற்காலையில் கொடைரோட்டில் இறங்க வேண்டுமே என்ற கவலையோடு கண்ணயர்ந்தால், வண்டி மதுரைக்கே போய்விட்டதாகக் கனவு காண்பார். அது வருங்காலம் உரைத்ததன்று; கவலை உருவெடுத்ததே.

அங்ஙனமாயின், கனவில் ஓர் உயிரைக் கொன்றால் அது ஹிம்சையாகுமா? வெளியே எவ்வுயிரும் துன்புறவில்லை. கொல்ல வேண்டும் என்ற சங்கற்பமும் இல்லை. ஆகையால் விழிப்பில் செய்த கொலையோடு அதனை ஒப்பிடல் தகாது. ஆயினும் ஹிம்சையின் வேர் விருப்பு வெறுப்பில் உள்ளது என்பது நம் சித்தாந்தம். பகலில் ஒருவர்மேல் வளர்த்த பகை இரவில் வாளாக வருமானால், அப்பகையைக் களையும் கடமை நமக்கு உண்டு. துறவியரின் பிரதிக்கிரமணத்தில் உறக்கத்தில் நேர்ந்த குற்றங்களுக்கும் இடமிருப்பது இதனாலேயே. அதேவேளை, காய்ச்சலும் மருந்தும் பெருந்துயரும்கூடக் கொடுங்கனவைத் தரும். ஆதலால் பிறர் கண்ட கனவைக் கொண்டு அவரது குணத்தை எடைபோடுதல் அறமாகாது.

யாவற்றினும் முக்கியமானது ஒன்று உண்டு. மகனை இழந்த தாய், அவன் பசியோடு வந்து நின்றதாகக் கனவு காண்கிறாள். உடனே, "ஆன்மா அலைகிறது, சாந்தி செய்ய வேண்டும்" என்று அச்சுறுத்துவோர் வந்துவிடுகின்றனர். உடலை நீத்த உயிர் கண்ணிமைக்கும் பொழுதினும் மிகக் குறைந்த சில சமயங்களுக்குள் மறுபிறப்பை அடைந்துவிடுகிறது என்கிறது தத்துவார்த்த சூத்திரம். அது அலைவதில்லை, உணவு கேட்டு வருவதுமில்லை. கனவில் வந்தது அத்தாயின் அன்பே. அவளுக்குத் தேவை பரிகாரச் செலவு அன்று. அருகில் அமர்ந்து கேட்கும் உறவினர். மகன் பெயரால் ஒரு மாணவனுக்குப் புத்தகமோ, ஒரு நோயாளிக்கு மருந்தோ வழங்கினால் அவ்வன்பு அறமாக மலரும்.

கொடைரோட்டிற்குத் தெற்கே, வைகைக் கரைப் பக்கமுள்ள மேட்டுப்பட்டிச் சித்தர்மலையில், தமிழ்ப் பிராமி எழுத்துகளோடு கூடிய கற்படுக்கைகள் இன்றும் உள்ளன. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் துறவியர் உடல் சாய்த்த இடங்கள் அவை. தரையில் கிடத்தல் திகம்பரத் துறவியரின் இருபத்தெட்டு மூலகுணங்களுள் ஒன்று. உறக்கத்தையும் விரதத்தின் எல்லைக்குள் வைத்தவர்கள் அவர்கள். கற்படுக்கை இல்லறத்தார்க்கு விதிக்கப்பட்டதன்று. ஆயினும் படுக்கும்முன் பஞ்ச நமஸ்காரம் கூறி, அன்று நம்மால் வருந்தியவரை நினைந்து மன்னிப்பு வேண்டுதல் எவர்க்கும் இயலும். தீக்கனவு கண்டு எழுந்தாலோ, "இது என்ன பலன் தரும்?" என்று கேட்பதை விடுத்து, "என் உள்ளத்தில் எது இதனை எழுப்பியது?" என்று கேட்டுப் பழகுவோமாக. முதற் கேள்விக்கு விடை சொல்லப் பலர் வருவர். இரண்டாவதற்கு நாமே விடை காண வேண்டும்.