மத்தும் தாழியும்: வெண்ணெய்க்கு எது காரணம்?

தயிர் கடையும் மத்தில் உறுப்புகள் சில மட்டுமே. கனமான மரக்கோல் ஒன்று; அதன் கீழ்முனையில் செங்குத்தாகக் கீறி இதழ் இதழாகப் பிளந்த குமிழ்; கோலை நிமிர்த்தி வைக்க ஒரு தறி; தறியோடு கோலைத் தளர்வாகப் பிணைக்கும் வளையம்; கோலின் இடுப்பில் இரண்டு மூன்று முறை சுற்றிய கடைகயிறு. கடைபவர் கயிற்றின் இரு நுனிகளையும் பிடித்து வலக்கையும் இடக்கையுமாக மாற்றி மாற்றி இழுக்கிறார்.

கோலின் குறுக்களவு 3 செ.மீ. என்றால் சுற்றளவு ஏறத்தாழ 9.4 செ.மீ. 47 செ.மீ. கயிற்றை ஒரே இழுப்பில் இழுத்தால் கோல் 5 முறை சுழலும். பல்சக்கரம் எதுவும் இல்லாமலே ஐந்து மடங்கு வேகம் கிடைக்கிறது. கயிறு வழுக்காமல் இருப்பதற்கும் கணக்கு உண்டு. மரத்துக்கும் கயிற்றுக்கும் இடையிலான உராய்வுக் கெழு 0.3 என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றில் பிடிப்பு 6.6 மடங்காகிறது, இரண்டு சுற்றில் 43 மடங்கு. அதனால்தான் ஒரு கை பலமாக இழுக்கும்போது மறுகை நுனியைச் சும்மா தொட்டுக்கொண்டிருந்தாலே போதும்.

இவற்றைவிட முக்கியமானது திசை மாற்றம். கோல் ஒரே பக்கமாகச் சுழன்றால் சற்று நேரத்தில் தயிரும் அதோடு சேர்ந்து சுற்றத் தொடங்கிவிடும். இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றினால் அங்கே கடைதல் என்று எதுவும் நடப்பதில்லை. ஐந்து சுற்று வலம், ஐந்து சுற்று இடம் என்று கோல் புரளும்போது ஒவ்வொரு புரளலிலும் தயிரின் ஓட்டம் முறிகிறது. பாற்கடல் கடைந்த கதையில் கயிறான வாசுகியின் இரு பக்கமும் தேவரும் அசுரரும் நின்றாக வேண்டியிருந்தது. மத்தாக நின்ற மந்தர மலை அடியில் அமிழ்ந்தபோது அதைத் தாங்கத் திருமால் ஆமையாக வந்தார். கடையும் கருவிக்கு எதிர் இழுப்பும் அடித்தாங்கியும் வேண்டும் என்று அறிந்தவர்கள் சொன்ன கதை அது.

இந்தக் கருவியை வைத்துக் கேட்கக்கூடிய பழைய கேள்வி ஒன்று உண்டு. கடைவதற்கு முன் வெண்ணெய் இருந்ததா? இருந்தது என்றால் மத்து செய்தது என்ன? இல்லை என்றால் அது எங்கிருந்து வந்தது?

சாங்கியர் இருந்தது என்பார்கள். காரியம் காரணத்துக்குள் முன்பே இருக்கிறது என்னும் சற்காரியவாதம் அவர்களுடையது. ஈசுவரகிருஷ்ணரின் சாங்கிய காரிகை இதற்கென்றே காரணங்களை அடுக்குகிறது. எள்ளில் எண்ணெய் வருகிறது, மணலில் வருவதில்லை என்பது அவர்கள் தரப்பில் வழக்கமாகச் சொல்லும் சான்று. அவர்களுக்கு மத்து ஒரு திரையை விலக்கும் கருவி மட்டுமே. நியாய வைசேடிகர் இதை ஒப்புவதில்லை. நூல் வேறு, துணி வேறு. நூல்கள் சேர்ந்தபோது முன்பு இல்லாத ஒரு முழுப்பொருள் புதிதாகத் தோன்றுகிறது என்பது அவர்கள் வாதம். அந்தக் கணக்கில் மத்து வெண்ணெயைப் பிறப்பிக்கிறது.

மூன்றாவது விடையைத் தந்தவர் ஸ்ரீபெரும்புதூரில் 1017-இல் பிறந்ததாக மரபு சொல்லும் ராமானுஜர். இன்று காரும் கைபேசியும் கண்ணாடியும் செய்யும் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வழித்தடத்தின் ஒரு முனையில், ஆதிகேசவப் பெருமாள் கோயிலில், ‘தானுகந்த திருமேனி’யாக அவர் வீற்றிருக்கிறார். பிரம்ம சூத்திரத்துக்கு அவர் எழுதிய ஸ்ரீபாஷ்யம் சொல்வது இது: பொருள் ஒன்றுதான், நிலைதான் மாறுகிறது. மண் என்னும் பொருளே குடம் என்னும் நிலையை அடைகிறது. குடம் என்று தனியாக ஒன்று வானத்திலிருந்து வரவும் இல்லை. குடமாகவே மண்ணுக்குள் ஒளிந்திருக்கவும் இல்லை.

பாலின் இயல்பு இந்த மூன்றாவது விடைக்கே இசைந்து வருகிறது. பாலில் கொழுப்பு நுண்ணிய உருண்டைகளாக மிதக்கிறது. பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் சிறியவை. ஒவ்வொன்றையும் ஒரு மெல்லிய சவ்வு போர்த்தியிருப்பதால் ஒன்றோடு ஒன்று ஒட்டுவதில்லை. மத்தின் இதழ்கள் அவற்றை மோதவிடுகின்றன, சவ்வு கிழிகிறது, உள்ளிருக்கும் கொழுப்பு பாதி உறைந்தும் பாதி இளகியும் இருந்தால் உருண்டைகள் ஒட்டிக்கொள்கின்றன. தண்ணீருக்குள் கொழுப்பு சிதறியிருந்த நிலை தலைகீழாகிக் கொழுப்புக்குள் தண்ணீர்த் துளிகள் சிறைப்பட்ட நிலை வருகிறது. அதுதான் வெண்ணெய். கொழுப்பு முன்பே இருந்தது, வெண்ணெய் இருக்கவில்லை. கோடையில் கடையும்போது சில்லென்ற தண்ணீரும் மார்கழியில் வெதுவெதுப்பான தண்ணீரும் ஊற்றுவது இதனால்தான். கொழுப்பு முழுக்க இளகினாலும் திரளாது, முழுக்க இறுகினாலும் திரளாது. மிக்ஸியில் வெண்ணெய் எடுப்பவர்கள் ஐஸ் தண்ணீர் ஊற்றி, விட்டு விட்டு ஓட்டுவதும் அதே காரணத்துக்காக. விடாமல் ஓட்டினால் சூடேறி எல்லாம் குழம்பிப்போகும்.

ஸ்ரீபாஷ்யத்தில் பால் நேரடியாகவே வருகிறது. இரண்டாம் அத்தியாயத்தின் முதல் பாதத்தில் ஓர் ஆட்சேபம்: குயவனுக்குச் சக்கரமும் தண்டும் வேண்டும், நெசவாளிக்குத் தறி வேண்டும், கருவி எதுவும் இல்லாத பிரம்மம் உலகை எப்படிப் படைக்கும்? சூத்திரத்தின் விடை, பாலைப் போல என்பது. பால் தயிராக எந்தக் கருவியும் தேவையில்லை. பாலில் உறைமோர் ஊற்றுகிறார்களே என்ற மறுகேள்வியையும் ராமானுஜர் விட்டுவைக்கவில்லை. தயிராகும் திறன் பாலுக்கே உண்டு. பிரை ஊற்றுவது விரைவுக்கும் தனிச் சுவைக்கும் என்கிறார். காய்ச்சாத பால் தானாகவே புளிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். நுண்ணுயிர்களை அறிந்த இன்றைய வாசகர் ஒரு திருத்தம் சொல்லலாம்: பிரை வெறும் முடுக்கி அல்ல, வேலையைச் செய்வதே அதிலுள்ள உயிர்கள்தாம். ஆனால் உவமை எதற்காகச் சொல்லப்பட்டதோ அந்த இடத்தில் இந்தத் திருத்தம் அதைச் சாய்த்துவிடுவதில்லை. கருவி என்பது எல்லாக் காரியத்துக்கும் பொது நிபந்தனை அல்ல என்று காட்டினால் போதும். அதற்குத் தயிர் இல்லாவிட்டால் காபி இருக்கிறது. டம்ளரிலிருந்து டபராவுக்கு உயர ஆற்றினால் நுரை வருகிறது. அங்கே மத்தும் இல்லை, கோலும் இல்லை.

நுரை என்றதும் மத்தின் மேல்நாட்டு உறவுக்காரனைப் பார்க்க வேண்டும். முட்டை அடிக்கும் கைச்சக்கரத்துக்கு அமெரிக்காவில் 1856 டிசம்பரில் பால்டிமோரைச் சேர்ந்த ரால்ஃப் காலியர் காப்புரிமை பெற்றார். 1870-இல் பிராவிடன்ஸ் நகரத்தின் டர்னர் வில்லியம்ஸ் அதைச் செம்மைப்படுத்தினார். அவருடைய அமைப்பில் இரண்டு கம்பிக்கூடுகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து எதிரெதிர்த் திசையில் சுழல்கின்றன. டோவர் என்ற பெயரில் விற்ற அந்த வகைதான் பிறகு வீடுவீடாகப் பரவியது. மத்து வலமும் இடமுமாகப் புரண்டு சாதிப்பதை இது ஒரே திசையில் கைப்பிடியைச் சுற்றியே சாதிக்கிறது: எதிர்ப்பு காலத்தில் மாறி மாறி வராமல், இரு கூடுகளுக்கு இடையில் எப்போதும் இருக்கிறது. பெரிய சக்கரத்தில் 60 பல், சிறியதில் 12 பல் என்றால் இங்கேயும் ஐந்து மடங்கு வேகம்தான். மிக்ஸி ஜாரின் உட்சுவரில் மேடிட்ட வரிகள் இருப்பதும் உள்ளே இருப்பது கத்தியோடு சேர்ந்து வெறுமனே சுற்றாமல் தடுக்கத்தான்.

ஆனால் முட்டையில் நடப்பது வேறு. வெள்ளைக்கருவில் மறைந்திருந்த எதையும் அந்தக் கம்பிகள் திரட்டவில்லை. வெளியிலிருந்த காற்றை உள்ளே இழுக்கின்றன; புரதங்கள் மடிப்பவிழ்ந்து காற்றுக்குமிழியைச் சுற்றிப் படலமாகப் படிகின்றன. மத்து உள்ளே இருந்ததை ஒன்றாக்குகிறது. இது வெளியே இருந்ததைக் குடியேற்றுகிறது. வைசேடிகர் கையில் இந்தச் சக்கரம் கிடைத்திருந்தால் தயிரைவிட நல்ல சான்றாகக் கொண்டாடியிருப்பார்கள். ராமானுஜர் தரப்பு அதற்கும் அசையாது: காற்றும் முன்பே இருந்தது, கருவும் முன்பே இருந்தது, நுரை அவற்றின் ஒரு நிலை. அந்த நிலை எவ்வளவு நேரம் நிற்கும் என்பது வேறு விஷயம். அடித்து வைத்த நுரையைச் சற்று நேரம் விட்டால் அடியில் தண்ணீர் கசியத் தொடங்கிவிடுகிறது.

அடுத்த கேள்வி, கடைபவர் யார் என்பது. கீதையின் 18-ஆம் அத்தியாயம் எந்தச் செயலுக்கும் ஐந்து காரணங்கள் சொல்கிறது: இடம், கர்த்தா, கருவிகள், பலவகை முயற்சி, தெய்வம். ராமானுஜரின் உரையில் இடம் என்பது உடல், கர்த்தா ஜீவன், கருவிகள் மனமும் கை முதலிய செயற்புலன்களும், முயற்சி பிராணனின் இயக்கம், தெய்வம் உள்ளே நின்று நடத்தும் அந்தர்யாமி. பட்டியலில் மத்துக்கு இடம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கைதான் கருவி, கைக்கு வெளியே இருக்கும் கோல் இந்தக் கணக்கில் உலகத்தைச் சேர்ந்த பொருள்.

கையின் வேலையை மோட்டார் எடுத்துக்கொண்ட இடத்தில் இந்தப் பட்டியல் என்னவாகும்? வண்டிகளை ஒன்றுசேர்க்கும் தொழிற்சாலை வரிசையில் நிற்பவரின் கையிலுள்ள மின் திருகுமுடுக்கி, குறித்த அளவு இறுக்கம் வந்ததும் தானே நின்றுவிடுகிறது. போதுமா என்று மணிக்கட்டு தீர்மானித்த காலம் போய்விட்டது. எங்கோ ஒரு பொறியாளர் முன்பே பதித்துவைத்த எண் தீர்மானிக்கிறது. தயிர் கடைபவர் மத்தின் கனம் மாறுவதையும் ஓசை மாறுவதையும் வைத்து வெண்ணெய் திரண்டதை அறிவார். ஆண்டாளின் திருப்பாவையில் ஏழாம் பாசுரத்தில் கேட்கும் தயிர் கடையும் ஓசை அத்தகையது. அந்தத் திருப்பாவையில் தோய்ந்ததால் ராமானுஜருக்குத் திருப்பாவை ஜீயர் என்றே பெயர். ஆனாலும் மோட்டார் எடுத்துக்கொள்வது முயற்சி என்னும் நான்காவது காரணத்தின் ஒரு பகுதியை மட்டுமே. சுவிட்சைப் போடலாமா வேண்டாமா என்ற விருப்பம் கர்த்தாவிடமே இருக்கிறது.

அந்த விருப்பத்தையும் அந்தர்யாமியே நடத்தினால் மனிதனுக்குப் பொறுப்பு ஏது? ஸ்ரீபாஷ்யம் இரண்டாம் அத்தியாயம் மூன்றாம் பாதத்தில் இதற்கு விடை சொல்கிறது. முதல் முயற்சி ஜீவனுடையது. அதைப் பார்த்து இறைவன் அனுமதி தருகிறான். அனுமதி இல்லாமல் செயல் நடக்காது. இருவருக்குப் பொதுவான சொத்தை ஒருவர் மூன்றாமவருக்குக் கொடுக்க விரும்பினால் மற்றவரின் சம்மதம் வேண்டும். என்றாலும் கொடுத்ததன் பலன் கேட்டு வாங்கிக் கொடுத்தவருக்கே என்பது ராமானுஜர் தரும் எடுத்துக்காட்டு. சிப்காட் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுத்த ஊர்களில் கூட்டுப் பட்டா என்ற சொல் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் உரை வேண்டியதில்லை.

சைவத்தில் திருநாவுக்கரசர் இதே அடுக்களைக் காட்சியை வேறு பக்கமிருந்து எடுத்தார். பாலுக்குள் நெய்யாக மறைந்திருப்பவனை, உறவைக் கோலாகவும் உணர்வைக் கயிறாகவும் கொண்டு கடையச் சொல்லும் ஐந்தாம் திருமுறைப் பாடல் பலருக்கும் மனப்பாடம். அங்கே கடைதல்தான் வழி. ராமானுஜரிடமோ பக்தி முற்றினாலும், இறைவன் தேர்ந்துகொண்டவனுக்கே அவன் கிட்டுகிறான் என்ற உபநிடத வாக்கியம் நடுவில் வந்து நிற்கிறது. முயற்சிக்கும் அருளுக்கும் இடையிலான இந்தப் பங்கீட்டில்தான் பிற்காலத்தில் வைணவத்தின் வடகலையும் தென்கலையும் பிரிந்தன: தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி ஒரு பக்கம், தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டி மறுபக்கம்.

கருவிக்கே வீடுபேறு உண்டா என்ற கேள்வியும் வைணவத்தில் கதையாக இருக்கிறது. வெண்ணெய் திருடி மாட்டிக்கொண்ட கண்ணன், துரத்தி வந்த யசோதையிடமிருந்து தப்பித் ததிபாண்டன் என்னும் ஆயனின் வீட்டுக்குள் ஓடினான். ததிபாண்டன் அவனை ஒரு தயிர்த் தாழிக்குள் ஒளித்து மேலே உட்கார்ந்துகொண்டு, கண்ணன் இங்கே இல்லை என்று சொல்லி அவளை அனுப்பினான். பிறகு கண்ணன் வெளியே விடச் சொன்னபோது எனக்கு மோட்சம் தந்தால்தான் விடுவேன் என்றான். தருகிறேன் என்றதும், இந்தத் தாழிக்கும் தர வேண்டும் என்றான். இரண்டுக்கும் கிடைத்தது. திருக்கோளூர்ப் பெண்பிள்ளை ராமானுஜரிடம் சொன்னதாக வழங்கும் 81 வாக்கியங்களில் ததிபாண்டனும் வருகிறான்.

மண் தாழிக்கு மோட்சம் என்பது வேடிக்கைபோலத் தோன்றும். ஆனால் ராமானுஜரின் வேதார்த்த சங்கிரகத்தைப் படித்தவருக்கு அப்படித் தோன்றாது. சாந்தோக்கிய உபநிடதத்தின் வாக்கியம் ஒன்றைக் கொண்டு, ஜீவன் உள்ளே புகுந்ததாலேயே எந்தப் பொருளும் பெயரும் உருவும் பெறுகிறது, அந்த ஜீவனுக்கும் ஆன்மா பிரம்மம் என்று அவர் நிறுவுகிறார். ஜடம் என்று தள்ளிவிடக்கூடிய எதுவும் அவருடைய உலகில் இறைவனின் உடலுக்கு வெளியே இல்லை. ஆயுத பூசையன்று ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் இயந்திரங்களைத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைக்கும்போது, பூசை கருவிக்கா, கருவி தரும் பிழைப்புக்கா என்று கேட்டால் பெரும்பாலோர் இரண்டாவதையே சொல்வார்கள். பயனைக் கருதாமல் பொருளையே வணங்கவும் இந்தத் தத்துவத்தில் இடம் இருக்கிறது.

தாழி அந்தப் பேற்றைப் பெற்றது தயிரைத் தாங்கியதற்காக அல்ல. அது எதையும் கடையவில்லை, எதையும் கேட்கவில்லை. கண்ணன் உள்ளே இருந்தான், உடையவன் அதற்காகக் கேட்டான், அவ்வளவுதான். அதே வீட்டில் நாள்தோறும் உழைத்திருக்கக்கூடிய மத்தைப் பற்றிக் கதையில் பேச்சே இல்லை. பூனைக்குட்டிக் கட்சியார் இதைத் தங்கள் பக்கத்துச் சான்றாக எடுத்துக்கொள்ளலாம். குரங்குக்குட்டிக் கட்சியார், தாழிக்காகக் கேட்கவும் ததிபாண்டன் ஒருவன் வேண்டியிருந்ததே என்பார்கள்.