சூரைச்செடியின் கீழே

தியானப் பகுதி: 1 இராஜாக்கள் 18, 19 அதிகாரங்கள்



இந்த மாதம் எழுப்புதலைக் குறித்து எழுதத்தான் உட்கார்ந்தேன். கர்த்தரோ என் மனதை வேறு பக்கம் திருப்பிவிட்டார். எழுப்புதல் பத்திரிகையில் தூக்கத்தைப் பற்றி எழுதுகிறானே என்று சிரிக்காதீங்க. கடைசி வரைக்கும் வாசிங்க.

உங்களில் அநேகருக்குத் தெரிந்தபடி, ஞாயிறு ஒரு நாள்தான் நான் பிரசங்க பீடத்தில் நிற்கிறவன். மற்ற ஆறு நாளும் செல்போன் சர்வீஸ் கடையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவன். டிஸ்ப்ளே உடைந்து வருகிற போன்களில் அநேகத்துக்குக் கதை ஒன்றுதான். "எப்படிம்மா உடைஞ்சது?" "படுத்துக்கிட்டே பார்த்தேண்ணே, கை நழுவிருச்சு." "எத்தனை மணிக்கு?" அதுக்கு மட்டும் பதில் வராது, ஒரு சிரிப்புதான் வரும். சிலருக்கு மூக்கிலேயே காயம் இருக்கும்.

2016 செப்டம்பரில் ஜியோ வருகிறதற்கு முன்னே ஒரு ஜிபி டேட்டாவை மாசம் முழுக்க வைத்து ஓட்டின ஜனங்கள் நாம். இன்றைக்கு ஒரே நாளைக்கு அவ்வளவும் அதற்கு மேலும் கிடைக்கிறது. வனாந்தரத்தில் மன்னாவை மறுநாளைக்கு வைத்தால் புழுத்தது. இந்த டேட்டாவும் ராத்திரி பன்னிரண்டு மணிக்குச் செத்துப்போகும். அதனால் வீணாகக் கூடாதென்று முழித்திருந்து தீர்க்கிறார்கள்! ராத்திரியில் அந்த வெளிச்சம் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால், பொழுது அடங்கிவிட்டது என்று சரீரத்துக்குச் சொல்லுகிற மெலடோனின் என்ற சுரப்பு குறைந்துபோகிறது. அப்புறம் போனைக் கீழே வைத்தாலும் தூக்கம் வராது. இதில் சினிமா பார்க்கிறவனுக்கும் பிரசங்கம் கேட்கிறவனுக்கும் வித்தியாசம் இல்லை. வெளிச்சத்துக்கு அது தெரியாதே.

நானும் யோக்கியன் அல்ல. நம்முடைய ஜெபக் குழுவில் விடியற்காலை 2 மணிக்கு வசனம் போட்டு, யார் யார் ஆமென் போடுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தவன் நான். அதைக் 'காவல்காரன் ஊழியம்' என்று சொல்லிக்கொண்டேன். என் மனைவி அதற்கு வேறு ஒரு பேர் வைத்திருந்தாள்.

இப்போது ஒரு பாவ அறிக்கை செய்யப்போகிறேன். இதில் வருகிற சகோதரனிடமும் அவர் மனைவியிடமும் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன். "பேர் மட்டும் போடாதீங்க பாஸ்டர், மத்ததெல்லாம் எழுதுங்க. எனக்கு நடந்தது இன்னொருத்தருக்கு நடக்கக் கூடாது" என்று அவரே சொன்னார்.

அவர் வாலிபத்திலிருந்தே ஒரு மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர். சில மாதங்கள் மனம் கிணற்றுக்குள் போனதுபோல் கிடக்கும். சில சமயம் தலைகீழாக மாறி, வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கிற உற்சாகம் வரும். இருமுனைக் கோளாறு என்று டாக்டர்கள் சொல்லுகிறார்கள். மாத்திரையால் பல வருஷம் நன்றாகவே இருந்தார். ஆனால் அந்த மாத்திரையினால் கை லேசாக நடுங்கும். திருவிருந்து ஆராதனையில் பாத்திரத்தைப் பிடிக்கும்போது ரசம் தளும்பும். பக்கத்தில் நிற்கிறவர்கள் பார்ப்பார்கள். அவருக்கு அது பெரிய அவமானம்.

2020ம் வருஷம், ஊரடங்கு நேரம். சபைக் கட்டடம் பூட்டிக் கிடந்தது. போனிலேயே 24 மணி நேர சங்கிலி ஜெபம் ஆரம்பித்தோம். விடியற்காலை 2 மணியிலிருந்து 4 மணி வரைக்கும் யாரும் வரவில்லை, இந்தச் சகோதரன் எடுத்துக்கொண்டார். ஒரு நாள் போனில் கேட்டார்: "பாஸ்டர், இந்த மாத்திரை எவ்வளவு நாளைக்கு? கர்த்தர் என்னைச் சுகமாக்க மாட்டாரா?" நான் அவருக்காக ஜெபித்தேன். ஜெபித்ததோடு வாயை மூடியிருக்கலாம். "சுகமாயிட்டீங்க, விசுவாசத்தோட நிறுத்திருங்க" என்று சொன்னேன். பைபிள் காலேஜில் டிப்ளமோ வாங்கினவன், மருந்தைப் பற்றி ஒரு எழுத்தும் படிக்காதவன், சொன்னேன்.

சில வாரங்களில் அவர் ஜெபம் அக்கினியாய் மாறினது. ராத்திரி இரண்டு மணி நேரம் ஐந்து மணி நேரமானது. தரிசனங்கள் சொன்னார். குழுவில் நூற்றுக்கணக்கில் செய்தி போட்டார். சபைக்கு எழுப்புதல் வந்துவிட்டது என்று நாங்கள் ஸ்தோத்திரம் சொன்னோம். அவர் மனைவி என்னை அழைத்து, "பாஸ்டர், இவரு மூணு நாளா கண்ணே மூடலை, ஆனா அசதியே இல்லை. எனக்குப் பயமா இருக்கு" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆவியானவர் எழுப்புறாரும்மா, நீ தடுக்காதே."

அந்த வாரமே அவர் தன் பைக்கை வழியில் போன ஒருவருக்குத் தானமாய்க் கொடுத்துவிட்டார். போனிலேயே இரண்டு மூன்று கடன் ஆப்களில் பணம் வாங்கி, சபைக்கென்று கீபோர்டும் ஸ்பீக்கர் பாக்ஸும் ஆர்டர் பண்ணிவிட்டார். ஏழாம் நாள் ஊரடங்கு ரோட்டில் சட்டையில்லாமல் நின்று பிரசங்கம் பண்ணிக்கொண்டிருந்தவரை, அவருடைய மைத்துனரும் இரண்டு போலீஸ்காரரும் சேர்ந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் போகவில்லை. இ-பாஸ் இல்லை என்று சொல்லிக்கொண்டேன். அப்புறம் கடன்காரர்கள் அவர் போனில் இருந்த நம்பருக்கெல்லாம், சபை விசுவாசிகளுக்கெல்லாம், அசிங்கமாய்ச் செய்தி அனுப்பினார்கள். அப்படிப்பட்ட ஆப்களைக் குறித்து 2020 டிசம்பரில் ரிசர்வ் வங்கியே ஜனங்களை எச்சரித்தது. எங்களுக்கு அது பிந்தி வந்த எச்சரிப்பு.

அக்கினி எது, ஜுரம் எது என்று எனக்கு நிதானிக்கத் தெரியவில்லை, தேவ ஜனமே. கூப்பிட்டுச் சொன்ன மனைவிக்குத் தெரிந்திருந்தது.

அதற்கப்புறம்தான் எலியாவின் சரித்திரத்தை மறுபடியும் வாசித்தேன். கர்மேல் பர்வதத்தில் பாகாலின் தீர்க்கதரிசிகள் 450 பேருக்கு எதிரே ஒற்றை ஆளாய் நின்று அக்கினியை இறக்கினவர். அன்றைக்கே மழைக்காக ஜெபித்து, ஆகாபின் ரதத்துக்கு முன்னே யெஸ்ரயேல் மட்டும் ஓடினவர். அப்படிப்பட்டவர் யேசபேல் ஒரு ஆளிடம் சொல்லி அனுப்பின மிரட்டலைக் கேட்டு உடைந்துபோனார். பெயெர்செபாவில் தன் வேலைக்காரனை விட்டுவிட்டுத் தனியாய் வனாந்தரத்துக்குப் போனார். (ஒருத்தர் கூட இருக்கிற ஆளைத் தள்ளிவைக்க ஆரம்பித்தால் கவனிங்க.) ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, தன் பிராணனை எடுத்துக்கொள்ளும்படி கர்த்தரிடத்தில் கேட்டார். சாகவேண்டும் என்று ஒரு தீர்க்கதரிசி ஜெபித்தார்!

நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? "விசுவாசம் எங்கே ஐயா?" என்றிருப்போம். தலையில் கை வைத்து ஏதோ ஒரு ஆவியைத் துரத்தியிருப்போம். மூன்று நாள் உபவாசம் போட்டிருப்போம். தேவதூதன் செய்ததைப் பாருங்க. தூங்கவிட்டான். தட்டி எழுப்பினான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் இருந்தது. சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடியும் படுத்துக்கொண்டார். தூதன் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் தரம் எழுப்பி மறுபடியும் சாப்பிடச் சொன்னான், பிரயாணம் தூரமானது என்பதால். "இங்கே உனக்கு என்ன வேலை?" என்கிற விதமாய்க் கர்த்தர் கேட்ட கேள்வி 40 நாள் கழித்து ஓரேபில்தான் வருகிறது. முதலில் தூக்கம், அடை, தண்ணீர். நான் அந்தச் சகோதரனிடமிருந்து முதலில் பிடுங்கினதே அந்தத் தூக்கத்தைத்தான். அந்த நோய் உள்ளவர்களுக்கு ராத்தூக்கம் கெடுவதே நோயைக் கிளப்பிவிடும் என்று டாக்டர் பிற்பாடு சொன்னார்.

மருந்தைப் பற்றியும் சொல்லவேண்டும். எசேக்கியா ராஜா வியாதிப்பட்டபோது, பிழைப்பான் என்ற வாக்குத்தத்தம் கர்த்தருடைய வாயிலிருந்தே வந்தது. 15 வருஷம் கூட்டிக் கொடுத்தார். அந்த வாக்கைக் கொண்டுபோன அதே ஏசாயாதான் அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லி, பிளவையின்மேல் பற்றுப்போட வைத்தார் (2 இராஜாக்கள் 20). வாக்குத்தத்தம் கிடைத்தவனுக்கே பற்று தேவையாய் இருந்ததென்றால், எனக்கு அதைப் பிடுங்கிப்போட அதிகாரம் தந்தது யார்?

அந்தச் சகோதரன் சாப்பிடுகிற மாத்திரையின் பேர் லித்தியம். எனக்கு ஆச்சரியமாய்ப் போயிற்று. கடையில் தினமும் நான் கழற்றி மாட்டுகிற பேட்டரிக்குள் இருக்கிற அதே தாதுதான். அதன் உப்பு இந்த நோய்க்கு உதவுகிறது என்று 1949ல் ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய டாக்டர் எழுதி வெளியிட்டார். அளவு கூடினால் விஷமாகிவிடும், அதனால் அவ்வப்போது ரத்தப் பரிசோதனை செய்து பார்க்கிறார்கள். திடீரென்று நிறுத்தினால் நோய் முன்னைவிட வேகமாய்த் திரும்பி வரலாம். கை நடுக்கத்தை டாக்டரிடம் சொல்லியிருந்தால் அளவைப் பார்த்துச் சரி செய்திருப்பார்கள், செய்தும் விட்டார்கள். கடைக்கு உப்பின பேட்டரியோடு போன் கொண்டுவருவார்கள். பின்மூடி திறந்துகொண்டு நிற்கும், ரப்பர் பேண்டு போட்டு அமுக்கி வைத்திருப்பார்கள். "வேலை செய்யுதுண்ணே, இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும்" என்பார்கள். நான் அவர்களைத் திட்டுவேன். ஒரு மனுஷனுக்கே ரப்பர் பேண்டு போட்டவன் நான்.

"பாஸ்டர், அப்படியானால் பிசாசின் கிரியை இல்லையா?" என்று கேட்பீங்க. உண்டு. இயேசுவின் நாமத்தில் கட்டுகள் அறுந்ததைக் கண்ணால் கண்டவன் நான், அதை மறுதலிக்க மாட்டேன். ஆனால் மத்தேயு 4ம் அதிகாரத்தின் முடிவைப் பாருங்க. பிசாசு பிடித்தவர்கள் தனி, சந்திரரோகிகள் தனி, திமிர்வாதக்காரர் தனி என்று பிரித்தே சொல்லியிருக்கிறது. 17ம் அதிகாரத்தில் ஒரு சந்திரரோகிக்குள் பிசாசு இருந்ததே என்றால், ஆமா, இருந்தது. அதை அறிந்தவர் இயேசு. எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெயைப் பூசுகிறவர்கள் நாம்.

பிரசங்கிகளின் பிரபு என்று நாம் கொண்டாடுகிற ஸ்பர்ஜனை எடுத்துக்கொள்ளுங்க. 1856 அக்டோபர் 19ந் தேதி லண்டனில் சர்ரே கார்டன்ஸ் மண்டபத்தில் அவர் பிரசங்கித்துக்கொண்டிருந்தபோது, யாரோ தீ என்று பொய்யாய்க் கத்தினார்கள். நெரிசலில் 7 பேர் செத்துப்போனார்கள். அவருக்கு அப்போது வயது 22. அதிலிருந்து மனச்சோர்வு அவரை விட்டு முழுதாய்ப் போகவில்லை. தன் வேதாகமக் கல்லூரி மாணவர்களிடமே அதை மறைக்காமல் பேசினார், எழுதியும் வைத்தார். லண்டனின் குளிர் தாங்காமல் பிரான்ஸில் மென்டோன் என்ற கடலோர ஊருக்குப் போய் ஓய்வெடுப்பார். 1892ல் அங்கேயேதான் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவரைப் பின்வாங்கிப்போனவர் என்று நம்மில் யார் சொல்லுவோம்?

நம் சபையிலேயே மாத்திரையை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்துச் சாப்பிடுகிற சகோதரிகள் உண்டு என்று எனக்கு இப்போது தெரியும். பிள்ளை பெற்ற பின்பு காரணமில்லாமல் அழுதுகொண்டே இருந்ததாக ஒரு தங்கச்சி, பிள்ளைக்கு ஆறு வயதான பிறகு என்னிடம் சொன்னாள். ஆறு வருஷம் கழித்து! சுகருக்கு ஊசி போட்டுக்கொள்கிற அப்பச்சிமார் சபை முன்னாலேயே ஜெபிக்கக் கேட்கிறார்கள், இவர்களுக்கு மட்டும் ஏன் அரிசி டப்பா? என்னைப் போன்ற போதகர்களுக்குப் பயந்துதான். மன்னிச்சிருங்க.

செத்துப்போகலாம் என்ற எண்ணம் வருகிறவர்கள் என்னையோ, வீட்டில் ஒருவரையோ எந்நேரமும் எழுப்பலாம். 14416 என்ற இலவச எண்ணும் இருக்கிறது. 2022 அக்டோபரில் மத்திய அரசு ஆரம்பித்த டெலி மானஸ், இரவும் பகலும் தமிழிலும் பேசுவார்கள். மாவட்டத் தலைமை அரசு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரைப் பார்க்கலாம், காசு கிடையாது. தனியாய்ப் போக வெட்கமாயிருந்தால் நான் கூட வருகிறேன், கடையைப் பூட்டிவிட்டு வருகிறேன். ஜெபமும் பண்ணுவேன், டோக்கனும் எடுப்பேன்.

சபை மூப்பர்களோடு பேசி ஒரு தீர்மானம் எடுத்திருக்கிறோம். ஜெபக் குழுவை ராத்திரி 9.30 மணிக்குப் பூட்டிவிடுவோம், காலை 5 மணிக்குத்தான் திறப்போம். வசனம் போட விரும்புகிறவர்கள் முந்தியே போட்டுவிடுங்க. அவசர ஜெபத்துக்கு எழுதவேண்டாம், நேரே போன் பண்ணுங்க.

அந்தச் சகோதரன் இப்போது சுகமாயிருக்கிறார். மாத்திரை சாப்பிடுகிறார். கடனில் கடைசித் தவணையைப் போன வருஷம் அடைத்தார். சபையின் மூலையில் அந்தக் கீபோர்டு இருக்கிறது, அவருடைய மகள்தான் வாசிக்கிறாள். மாதக் கடைசி வெள்ளி முழு இரவு ஜெபத்துக்கு அவரும் வருவார். முதல் பாட்டுகளுக்குக் கை தட்டுவார், சாட்சி சொல்லுவார். 9 மணிக்கு மனைவி எழுந்து பையை எடுத்தவுடன் அவரும் எழுந்துவிடுவார். வாசலில் யாரும் நிறுத்தி, "அதுக்குள்ளயா பிரதர்?" என்று கேட்காதீங்க. அவர் தூங்கப் போகிறார்.